பிஸ்கட் டப்பாவுக்குள் போன போர்டு

மேசைமேல் ஒரு ரேடியோவும் ஒரு சார்ஜர் சர்க்யூட் போர்டும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. ரேடியோ வாயைத் திறந்தால் பாட்டுக்குப் பதில் 'கொர்ர்' என்று இரைச்சல்தான் வரும்.

"இந்த ஆளுக்குப் பக்கத்துல மனுஷன் குடியிருப்பானா?" என்று போர்டு தினமும் தலையில் அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் மெக்கானிக் இம்மானுவேல் பழைய பிஸ்கட் டப்பாவை வெட்டி, மடக்கி, ஓரங்களை ஈயத்தால் பற்றவைத்தார். எர்த் வயரும் கொடுத்து, போர்டை அதற்குள் வைத்து மூடினார். மறுகணமே ரேடியோ கணீரென்று பாடியது.

"பாத்தியா டப்பா!" என்றது உள்ளேயிருந்த போர்டு. "எனக்குக் காவல் வந்ததும் பயல் வாலைச் சுருட்டிக்கிட்டான்!"

போர்டிலிருந்தே கிளம்பிய அந்தக் 'கொர்ர்' முழுக்க இப்போது டப்பாவின் உள்சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க," என்றது டப்பா. "வெளியில ரொம்ப அமைதியா இருக்கு."