கோட்டுக்கு இந்தப் பக்கம்

குலசிங்கம் வெள்ளைச் சைக்கிளில் இருந்த வாடிய செவ்வந்தியை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்தார். சந்தியில் உயிர்விட்ட சைக்கிள்காரருக்காக யாரோ வெள்ளை பூசிக் கொண்டுவந்து, விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுவிட்டுப் போகும் சைக்கிள். இது அவருடைய மகன் ராகுலனுக்கு.

சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்ந்த பொடியன் என்று புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மல்வேர்ன் முழுக்கச் சொன்னது. அதனால்தான் துவாரகா விடியற்குளிரில் கடிதமும் பேனையுமாக அவரைத் தேடி வந்திருந்தாள்.

"அண்ணை, ஒரே ஒரு கையெழுத்து. முதல் பேர் உங்கடையா இருக்கோணுமெண்டு மேலை இடம் விட்டு வைச்சிருக்கிறன்."

வாகனம் வராவிட்டால் சைக்கிள்காரர் சிவப்பிலேயே கடந்து போகலாம் என்றொரு யோசனை மாநகரசபையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அது கூடவே கூடாது என்பதுதான் கடிதம். துவாரகாவின் ஒரே மகள் அட்சயா இந்தச் சந்தியால்தான் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பயம் தாய்க்கு.

"எத்தினை பேர் போட்டவை?" என்று கேட்டார் குலசிங்கம்.

"முந்நூற்றுப் பன்னிரண்டு. கோயில் ஐயர்கூடப் போட்டிட்டார். அவர் சைக்கிளைத் தொட்டு இருவது வருசம்!"

அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நான் என்ன சொல்லுறனெண்டால்..."

விளக்குச் சிவந்தது. பேச்சு அப்படியே அறுந்தது.

துவாரகா காத்திருந்தாள். அவர் சந்தியின் நடுவைப் பார்க்கவில்லை. காலடியில், சிவப்புக்கு நிற்கவேண்டிய வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், நடைபாதை விளிம்புக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை விழுந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஆறு வருசமாக இப்படித்தானாம், சிவப்பு அணையும்வரை மனிசன் வாய் திறக்க மாட்டாராம் என்று பக்கத்துத் தேநீர்க்கடையில் சொல்லியிருந்தார்கள்.

"கடிதம் வடிவாய் எழுதியிருக்கிறீர். ஆனால் நான் போட மாட்டன்," என்றார்.

துவாரகாவுக்குச் சுருக்கென்றது. "நீங்களே இப்பிடிச் சொன்னால்? பெத்த பிள்ளையைக் குடுத்தனீங்கள், அண்ணை! நாளைக்கு என்ரை பிள்ளைக்கும்..."

"உம்மடை பிள்ளை எப்பிடி? சிவப்புக்கு நிப்பாவோ?"

"அசைய மாட்டாள்!" பெருமை அவளை மீறி வந்தது. "றோட்டிலை ஒரு காக்காய் இல்லாட்டிலும் நிப்பாள். நல்லா ஓரம் கட்டி, விளிம்பிலை வலக்காலை ஊண்டிக்கொண்டு நிப்பாள். நான் பழக்கினது."

குலசிங்கத்தின் கை சைக்கிள் சீற்றைப் பற்றிக்கொண்டது. விளக்கு மறுபடி சிவந்தது. துவாரகா பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள்.

இந்த முறை அவர் பேசினார்.

"நானும் அப்பிடித்தான் பழக்கினனான்."

"என்னண்ணை?"

"ஊரிலை பின்னாலை பஸ் வந்தால் ஓரம் கட்டினவனுக்குத்தான் உயிர். அந்தப் புத்தியை இஞ்சையும் கொண்டுவந்து படிப்பிச்சன். ஓரம் கட்டு, காலை ஊண்டு, பச்சை வருமட்டும் அசையாதை. பொடியன் என்ரை சொல்லைத் தட்டினதில்லை."

"அப்ப... அவர் சிவப்பிலை பாயேல்லையோ?"

"அவன் நிண்டவன், தங்கச்சி. இந்தக் கல்லிலை கால் வைச்சு நிண்டவன். பக்கத்திலை ட்ரக் வந்து நிண்டிது. இஞ்சை வாகனம் றோட்டின்ரை வலப்பக்கத்தாலை ஓடுறது, சிவப்பிலையும் வலப்பக்கம் திரும்பலாமே, ட்ரக்குக்காரன் திரும்பினான். ஓரத்திலை நிண்ட என்ரை பிள்ளை அவன்ரை கண்ணாடியிலை விழேல்லை."

"ஆனால், எல்லாரும் சொன்னவை..."

"பொடியன் சைக்கிளிலையோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான். மிச்சத்தை அவையளே சொல்லி முடிச்சிட்டினம்." கல்லிலிருந்து அவர் கண் எடுக்கவில்லை. "அண்டைக்குக் குறுக்குத் தெருவிலை ஒரு வாகனம் இல்லை. ஒருக்கால் என்ரை சொல்லை மீறிப் போயிருந்தானெண்டால்..."

மணியொலி கேட்டது. சைக்கிள் மணி.

துவாரகா திடுக்கிட்டு வெள்ளைச் சைக்கிளைப் பார்த்தாள். அதில் மணியே இல்லை.

ஒலி றோட்டின் மறுகரையிலிருந்து வந்தது. ஆறு லேன்களுக்கு அப்பால், எதிர்த்திசையில் வந்த அட்சயா சிவப்பைக் கண்டு பிறேக் பிடித்தாள். நல்லா ஓரம் கட்டினாள். விளிம்புக் கல்லில் வலக்காலை ஊன்றினாள். தாயைக் கண்டதும் சிரித்துக் கை காட்டினாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து மண் ஏற்றிய ட்ரக் ஒன்று மெல்ல உருண்டு வந்து அவளுக்கு இடப்பக்கமாக நின்றது. அதன் வலது சிக்னல் விட்டு விட்டு எரிந்தது.

துவாரகா குறுக்குத் தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது.

"அட்சயா! போ!"

"வட்?"

"நிக்காதை! வா இஞ்சாலை!"

மகள் மேலே எரிந்த விளக்கை விரலால் காட்டினாள். "அம்மா, இற்ஸ் ஸ்டில் றெட்!"

ட்ரக்கின் முன்சில்லு வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் துவாரகாவின் கையிலிருந்து நழுவி றோட்டில் பறந்தன.

"சிவப்பெண்டாலும் போ, பிள்ளை! போ!"