எடுக்கிற மாதிரி

அவன் வந்த பிறகுதான் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

அதுவரை வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். காலிக்குடங்கள் மட்டும் சாலையின் குறுக்கே வெயிலில் வரிசையாக இருந்தன.

சாத்தூர் பேருந்து இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. பைக்கில் சாய்ந்து செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அவசரமில்லை. கேமரா வராமல் மறியல் தொடங்காது என்பது ஊருக்கே தெரியும்.

"வந்தாச்சா? சட்டுபுட்டுனு எடுத்து முடிங்க" என்றார் எஸ்.ஐ.

அவன் ஸ்டாண்டை விரித்தான்.

ஊர்க் கேபிள் டிவியில் சேர்ந்ததிலிருந்து இப்படி எத்தனை மறியல் எடுத்திருப்பான் என்று அவனுக்கே நினைவில்லை. தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, மறுபடியும் தண்ணீர்.

சித்திரை பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக் குழாய்களில் காற்றுதான் வருகிறது. அவன் வீட்டுக் குழாயிலும்தான். செல்போனில் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் லைக் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை.

கேபிளில் போடும் ஏழு மணிச் செய்தியை மட்டும் நகராட்சியில் பார்ப்பார்கள். போன வருடம் பக்கத்துத் தெரு அதில் வந்தது. மறுநாளே லாரி வந்து நின்றது. அந்த நம்பிக்கையில்தான் இந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவனுடைய கேமராவில் மெமரி கார்டு இல்லை.

கிளம்பும்போதே முதலாளி கழற்றி வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் நகராட்சி சேர்மன் வீட்டுக் கல்யாணம். நேரடி ஒளிபரப்பு இவர்கள் கேபிளுடையது.

"அப்போ நான் எதுக்கு சார் போகணும்?"

"போகலேன்னா பொம்பளைங்க நம்ம ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துருவாங்கய்யா. போ. எடுக்கிற மாதிரி நில்லு."

நின்றான்.

கோபம்கூட வரவில்லை. முன்பெல்லாம் வரும். வராததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

பெண்கள் நகராட்சியைக் கண்ணைத் திறக்கச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். அவன் கேமராவை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பினான். அது திரும்பிய பக்கமெல்லாம் குரல் ஏறியது.

நடுவில் இருந்த பேச்சித்தாய் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"இன்னொரு தடவ கவுத்துங்கக்கா" என்றான்.

ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. பழக்கதோஷம். அவரும் பொறுமையாக இன்னொரு தடவை கவிழ்த்தார்.

அப்போதுதான் முன்வரிசையின் கடைசியில் தன் மனைவியைப் பார்த்தான்.

காலையில் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். புருஷன் படம் பிடிக்கிற இடத்தில் போய் எப்படிக் கத்துவது என்று சிரித்தாள். பிறகு பானையின் அடியைப் பார்த்திருப்பாள். கிளம்பி வந்துவிட்டாள்.

கையைத் தூக்கிக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தாள். பார்வை அவன் முகத்தில் இல்லை. கேமராவின் முகப்பில் இருந்தது.

பதிவாகும்போது அங்கே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். மகளின் முதல் பிறந்தநாளில், சும்மா சிரித்துக்கொண்டே இருக்காதே, விளக்கு எரியும்போது சிரி என்று சொல்லியிருந்தான்.

இப்போது எரியவில்லை.

அவள் வாய் பாதியில் நின்றது. தூக்கிய கை தூக்கியபடி இருந்தது.

அவன் சட்டென்று குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டான். அவமானமாக இருந்தது. முச்சந்தியில் வேட்டி அவிழ்ந்து, அதை அவள் ஒருத்தி மட்டும் பார்த்துவிட்ட மாதிரி.

அவள் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொத்தக் கூட்டமும் எழுந்து நேராக ஆபீசுக்குப் போகும். முதலாளி அவனைத்தான் கைகாட்டுவார். நாளையிலிருந்து அவன் வீட்டில் இருக்கலாம்.

சொல்லட்டும் என்றுகூட நினைத்தான்.

அவள் மறுபடி கோஷத்தில் சேர்ந்துகொண்டாள். முன்னைவிடச் சத்தமாக.

எஸ்.ஐ. கையைத் தட்டினார். பெண்கள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் குடங்களை எடுத்துக்கொண்டார்கள். பேருந்து அவர்களைக் கடந்து போனது.

பேச்சித்தாய் நேராக அவனிடம் வந்தார்.

"எத்தன மணிக்குத் தம்பி போடுவீங்க? நான் குடத்தக் கவுத்தது படத்துல விழுந்துச்சா?"

அவன் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தான்.

"ஏழு மணிக்கு வரும்க்கா" என்றாள் அவன் மனைவி, பின்னாலிருந்து. "நல்லா விழுந்துருக்காம். இன்னைக்கு வராட்டி நாளைக்கு வரும்."

பேச்சித்தாய் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவளும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

அவள் பொய் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.