மூன்றாம் நாள் ஊசி

திண்டிவனம் மாட்டாஸ்பத்திரி வாசலில், காலை வெயிலில், ஒட்டகம் கழுத்தை நீட்டிப் படுத்திருக்கிறது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பிள்ளைகளைச் சுமந்து சுற்றும் ஒட்டகம். மூக்கில் மஞ்சள் சளி ஒழுகுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குள் கரகரவென்று சத்தம். அதை வளர்க்கும் கெங்கம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். "நுரையீரல் பூரா சளி கட்டிக்கினு இருக்கும்மா," என்கிறார் டாக்டர் அனந்தநாதன். "மாட்டுக்குப் போடற அளவுதான் எனக்குத் தெரியும். இதுக்கு ஒரு குத்துமதிப்பாத்தான் போட்டுக்கினு வர்றேன்." பென்சிலின் புட்டியைக் குலுக்கி மருந்தை ஏற்றுகிறார். தடித்த ஊசி தொடைக்குள் இறங்குகிறது. ஒட்டகம் இமையைக்கூட அசைக்கவில்லை. கெங்கம்மாளின் கை அப்படியே நின்றுவிடுகிறது. "நேத்து ஊசி போட்டப்ப ஊரே கேக்கற மாதிரி கத்துச்சே சார். இன்னிக்கு ஏன் கத்தல?" டாக்டர் மண்டியிட்டு, அதன் விலாவில் தன் காதையே வைக்கிறார்.