புது ரிப்போர்ட்

“அடுத்த ஞாயித்துக்கெழமை எல்லாரும் குழந்தையோட புது ரிப்போர்ட் கொண்டாந்துருங்க. அது இல்லாம யாரும் வர வேண்டாமுங்க.”

தெய்வாத்தாள் சொன்னதும் ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. கணபதி பகுதியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் வாராவாரம் கூடும் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் குழு அது. தன் மகன் கவினுக்காக ஆறு வருடம் முன்பு அதை ஆரம்பித்தவரே அவர்தான்.

“பழைய ரிப்போர்ட்டுக்கு என்ன கேடுங்க?” என்றார் கோவிந்தராஜுலு.

“டாக்டருங்க இப்ப மாத்தி மாத்திச் சொல்றாங்களே. குழுவுக்கு ஆட்டிசம்னு பேரு வெச்சுப்போட்டு, அது இல்லாதவங்க உக்காந்திருந்தா நல்லாவா இருக்குது?”

“பாஸ்போர்ட்டுக்குக்கூட இத்தனை கேக்க மாட்டாங்க” என்று கோவிந்தராஜுலு பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. புது ரிப்போர்ட் பத்து நாளாக அவள் வீட்டு பீரோவில் இருக்கிறது. எட்டு வயது மகள் இனியாவுக்கு ஆட்டிசம் இல்லையாம். மொழி வளர்ச்சியில் தாமதம், கூடவே கவனக் குறைபாடு. மூன்று வருடம் கழித்து டாக்டர் மாற்றிச் சொல்லிவிட்டார்.

கணவன் சாமுவேல் அன்றே கேக் வாங்கி வந்தான். “இல்லைன்னு ஆயிப்போச்சு. இனி அங்க உனக்கென்ன சோலி?” என்றான்.

சர்ச்சில் இனியா காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் பத்துத் தலை திரும்பும். குழுவில் ஒரு தலைகூடத் திரும்பாது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? இந்த இடமும் போய்விட்டால் துடியலூரிலிருந்து வேறெங்கே போவாள்?

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து, தெய்வாத்தாளிடம் தன்னுடையதை நீட்டினாள்.

“மறைக்க மனசு வரலீங்கக்கா. இனியாவுக்கு அது இல்லீங்களாமா.”

தெய்வாத்தாள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

“ஆனா அவ மாறலீங்க. அதே சட்டையத்தான் போடுவேங்கறா, அதே அழுகைதான். நோவுக்குப் பேருதான் மாறிப்போச்சு. இங்க மட்டுந்தான் நான் நிம்மதியா உக்காருவேன். ஓரமா உக்காந்துக்கறேனுங்க. வர வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

தெய்வாத்தாள் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உன்ற புள்ளைக்கு ரெண்டு வாரமா அது இல்லை. என்ற கவினுக்கு ரெண்டு வருசமா இல்லை கண்ணு.”

அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“குழுவை ஆரம்பிச்சவளே இப்படின்னு தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிருவாங்களோன்னு பயம். வாயைத் தொறக்கலை.”

“அப்புறம் எதுக்குங்கக்கா எல்லார்கிட்டயும் புது ரிப்போர்ட் கேட்டீங்க?”

தெய்வாத்தாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னையாட்ட இன்னொருத்தி இருந்தா, அவ கையப் புடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னால சொல்லலாம்னுதான் அம்மணி.”