எஞ்சினுக்கும் மருதோண்டி

கம்பளை வீட்டு முற்றத்தில் காலை வெயில் பழைய காரின் திறந்த பொனட்டுக்குள் இறங்குகிறது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழும்பாததால், ஓட்டை விழுந்த செப்புக் குழாயை லாபிர் கழற்றிவிட்டான். புதுக் குழாயின் நட்டைப் பூட்ட எஞ்சினுக்குப் பின்னால் அவன் கை நுழையவில்லை. இன்று அவன் தங்கைக்குக் கலியாணம்; லுஹர் தொழுகைக்கு முன்பே கலஹாவிலிருந்து மாப்பிள்ளையைக் கூட்டி வரவேண்டும். "தள்ளுங்க, என்ட கை போகும்," என்கிறாள் மனைவி ஸக்கியா. "மருதோண்டி இன்னம் காயல்லயே புள்ள!" "மாப்பிள்ள வராட்டி இந்த மருதோண்டி யாருக்கு?" வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் துழாவுகிறாள். நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. "பிடிச்சிட்டு... சுத்துது, சுத்துது!" ஸ்பேனரையும் அவளே வாங்கி இறுக்குகிறாள். லாபிர் காரின் முன்னால் ஓடி, எஞ்சினை முடுக்கும் கைப்பிடியைச் சுழற்றுகிறான். எஞ்சின் உறுமுகிறது; முள் நடுங்கி எழுந்து நிற்கிறது. ஸக்கியா கைகொட்டிச் சிரிக்கிறாள். அவள் உள்ளங்கையில் கறுப்பு எண்ணெய். எஞ்சினின் பக்கவாட்டில் மருதோண்டிப் பச்சையாக ஐந்து விரல் தடங்கள். லாபிர் துணியை எடுக்கிறான். "துடைக்காதீங்க," என்கிறாள், "அதுவும் கலியாணத்துக்குத்தானே போகுது."