சனிக்கிழமை அதாலத்

“ஒத்துக்காதே. எடுக்கலைன்னா எடுக்கலைன்னுதான் சொல்லணும்” என்றாள் அம்சம்.

பெண்கள் சிறையின் சட்ட உதவி மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ‘சட்டத் தன்னார்வலர்’ என்ற அட்டை தொங்கியது. இந்தப் பக்கம், அழுது அழுது வீங்கிய முகத்தோடு வேம்பு நின்றாள்.

வலங்கைமானில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் வேம்பு. அந்த வீட்டில் சங்கிலி காணாமல் போனதும் பழி அவள் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? வேலைக்காரி தலைதானே கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது!

“சனிக்கிழமை மாஜிஸ்ட்ரேட்டு இங்கயே வந்து அதாலத் நடத்துறாராம்க்கா. குத்தத்தை ஒத்துக்கிட்டா, உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு அன்னிக்கே விட்டுருவாங்களாம். எம் பொண்ணு செம்மொழி சோறு திங்காம கெடக்குதாம்க்கா.”

“போயிடலாம்டி. திருடிங்கற பேரும் கூடவே வரும், சாகற வரைக்கும். காசில்லாதவளுக்கு வக்கீல் வெச்சுத் தர வேண்டியது கவர்மென்ட்டு. அது தர்மம் இல்ல, உன் உரிமை. கேட்டு வாங்கு. ஜாமீன்ல போய் கேஸை நின்னு நடத்து.”

“ஜாமீனுக்கு எத்தனை நாளாகும்?”

“தெரியாது. உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

வேம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களுக்கென்னக்கா, ஈஸியாச் சொல்லிட்டீங்க! உள்ள கெடக்கறது நான்ல!”

அம்சம் மேஜை மேலிருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரி, உங்க போனைக் குடுங்க. எம் புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். நடவு வயல்ல இருப்பாரு.”

“எங்கிட்ட போன் இல்லடி. மனு எழுதித் தர்றேன், ஜெயில் போன்லயே பேசு” என்று பேனாவைத் திறந்தாள் அம்சம்.

சனிக்கிழமை வந்தது. சிறைக்குள்ளேயே ஒரு கூடத்தில் மாஜிஸ்ட்ரேட் உட்கார்ந்திருந்தார். வேம்புவுக்கு முன்னால் நின்ற பெண்கள் வரிசையாகத் தலையாட்டி, ஒத்துக்கொண்டு, விட்டால் போதும் என்று நகர்ந்தார்கள்.

“நீ ஒத்துக்கறியாம்மா? சின்னக் கேஸ்தான். இன்னிக்கே போயிடலாம்” என்றார் அவர்.

வேம்பு நிமிர்ந்து நின்றாள்.

“இன்னிக்குப் போயிடுவேங்க ஐயா. நாளைக்கு எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாங்க? எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல திருடி பொண்ணுன்னு கூப்பிடுவாங்க. நான் எடுக்கல. எடுத்தேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வக்கீல் குடுங்க. எத்தனை நாளானாலும் உள்ள கெடக்கறேன்!”

“கொழுப்பைப் பாரு” என்று ஒரு பெண் வார்டர் முணுமுணுத்தாள். அது வேம்புவின் காதிலும் விழுந்தது. விழட்டுமே! மாஜிஸ்ட்ரேட் இலவச வக்கீலுக்கு உத்தரவு எழுதினார்.

அடுத்த மாதம் அந்த வக்கீல் ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். கேஸ் இன்னும் முடியவில்லை, கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும். அதற்காக வேம்பு ஒன்றும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

விடுதலையான சாயங்காலம், வெளியே கணவனும் செம்மொழியும் காத்திருந்தார்கள். உள்ளே வேம்பு சட்ட உதவி மேஜைக்கு ஓடிவந்து அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. உங்க ஊரும் நீடாமங்கலம் பக்கம்தானாமே? வேலை முடிஞ்சா வாங்கக்கா, ஒரே பஸ்ல போயிடலாம். எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் நீங்க போகணும்.”

“ஏ அம்சம்!” என்று வார்டர் கத்தினாள். “லாக்கப் நேரமாச்சு, தண்டனைக் கைதிங்க பிளாக்ல உன் செல்லுக்குப் போ. வேம்பு, நீ கேட்டுக்கு வா.”

வேம்பு அப்படியே நின்றுவிட்டாள். “அக்கா... நீங்களுமா?”

அம்சம் அவள் கையை மெல்ல விடுவித்தாள்.

“என்னுது பெரிய கேஸு. நான் செய்யாததை ஒத்துக்கிட்டவடி.”