யாருக்கும் தெரியாத தேடல்

“நான் இன்னா தேடுறேன்னு இந்த போன் யாராண்டயும் சொல்லக் கூடாதும்மா. அப்டி ஒண்ணு போட்டுக் குடு.”

தாண்டவராயன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த செல்போன் கடை அது. அவருடைய ஊரான காவாந்தண்டலத்திலேயே தெரிந்தவர் கடை ஒன்று உண்டு. தெரிந்தவர் என்பதாலேயே அங்கே போகாமல் பஸ் ஏறி இங்கே வந்திருந்தார்.

கடையை நடத்தும் சுகிர்தா சிரிக்கவில்லை.

“பழசை அழிக்கணுமா, இல்ல தேடுற இடத்தையே மாத்தணுமா அங்கிள்?”

“ரெண்டும்.”

“சரி. குடுங்க.”

அவள் காரணம் கேட்காததே அவருக்கு உறுத்தலாக இருந்தது.

“தப்பான படம் கிடம் ஒண்ணும் பாக்கலம்மா,” என்றார் அவராகவே.

“நான் கேக்கலியே அங்கிள். எல்லாரும் எதையாவது தேடிக்கினுதான் கீறாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. ஏதோ வியாதியைப் பத்தித் தேடியிருக்காங்க. அப்பறம் எதைத் தொறந்தாலும் அந்த மருந்து வெளம்பரமே வருதாம். வூட்ல யாராச்சும் பாத்துட்டா இன்னா பண்றதுன்னு ஒரே பேஜார் அவங்களுக்கு.”

தாண்டவராயன் தலையை ஆட்டினார். தான் தேடியதும் வியாதியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

சுகிர்தா போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“யாராண்டயும் சொல்லாம தேடிக் குடுக்குற ஆப்பு ரெண்டு மூணு கீது. இது வாத்துப் படம் போட்டது. நீங்க இன்னா கேட்டீங்கன்னு எழுதி வெச்சிக்காது. வெளம்பரம் வரும், ஆனா நேத்து கேட்டதை வெச்சு இன்னிக்கு உங்க பின்னாலயே வராது. இன்னொண்ணு கீது. நீங்க கேக்குறதை உங்க பேர் சொல்லாம கூகுளாண்ட கேட்டு வாங்கியாந்து குடுக்கும்.”

“தமிழ்ல கேட்டா வருமா?”

“வரும். பக்கத்துல இன்னா கடை கீது, எத்தினி மணிக்குத் தொறப்பான், அந்த மாதிரி தேடினா மட்டும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்.”

“நெல்லு வெலை பாப்பேன். மழை வருமான்னு பாப்பேன். அவ்ளோதான்.”

“அப்ப வாத்தே போதும்.”

அவள் மளமளவென்று திரையைத் தட்டினாள். திடீரென்று நிறுத்தினாள்.

“இந்த அக்கவுண்ட்ல இன்னொரு போனும் கீதே அங்கிள். அதான் நீங்க இங்க தேடுறது அங்கயும் தெரியுது. அது யாருது?”

“எம் பொண்ணுது. திவ்யான்னு பேரு. மெட்ராசுல வேலை செய்யுது. இந்த போனை அதான் வாங்கி, அது அக்கவுண்டையே போட்டுக் குடுத்துச்சு.”

சுகிர்தா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

“ரெண்டையும் பிரிச்சுடலாமா அங்கிள்?”

“பிரிச்சுடும்மா.”

“அதுக்கு முன்னால பழசை அழிக்கணும். இதோ, இங்க வரிசையா கீது. நீங்களே அழிச்சிடுங்க. நான் பாக்கல.”

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கிய போன் உறைகளை ஒழுங்குபடுத்துவதுபோலத் திரும்பி நின்றாள்.

நெல் விலைக்கும் மழைக்கும் நடுவே அவர் தேடியது நின்றது. ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டிருந்தார். டீக்கடையில் யாரிடமும் வாய் விட்டுக் கேட்க முடியாத கேள்வி. தன்னைப்பற்றி ஊரில் இருக்கும் நல்ல பெயருக்கு ஒவ்வாத கேள்வி. வேறு யாரோ எழுதியதைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பெருவிரலால் அழுத்தினார். எல்லாம் போயிற்று.

“அழிச்சுட்டேன்,” என்றார். அதோடு நிறுத்த முடியவில்லை. “அழிச்சு இன்னா பிரயோஜனம்? பொண்ணு பாத்துடுச்சு. காலைல போன் பண்ணிச்சு. ‘வாயால ஒண்ணு சொன்ன, கையால வேற ஒண்ணு தேடிக்கினு கீறியே நைனா’ன்னுச்சு. அவ்ளோதான். வெச்சிடுச்சு. நாலு வார்த்தை திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன்.”

சுகிர்தா திரும்பினாள்.

“அதான் பாத்துட்டாங்களே அங்கிள். அப்பறம் எதுக்கு மாத்துறீங்க? மறுபடி தேடணுமா?”

அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தோம் என்பது அவள் கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. அவர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். வாத்துப் படத்தை முதல் பக்கத்தில் வைத்து, எங்கே தொட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள்.

“இனிமே நீங்க தேடுறது திவ்யா போனுக்குப் போவாது அங்கிள்.”

அந்தத் தன்மையான பேச்சில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கிண்டிக் கிண்டிக் கேட்டிருப்பார்கள். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாஞ்சையோடு அவளைப் பார்த்தார். யாரைப் பார்த்தாலும் வாயில் வருவதுதான் அப்போதும் வந்தது.

“தங்கமான பொண்ணும்மா நீ. எந்த ஊரு? யார் வூட்டுப் பொண்ணு?”

சுகிர்தா அவரை நேராகப் பார்த்தாள்.

“புள்ளலூரு அங்கிள்,” என்றாள். “காலைல திவ்யா எனக்குத்தான் போன் பண்ணி அழுதா. அவ கட்டிக்கணும்னு சொல்லி, நீங்களும் வாயால சரின்ன டேனியல் இன்னா ஜாதின்னு தேடினீங்களே, அவனுக்கு நான் அக்கா.”